நூலுடைமையும் மின்படியும்

வீட்டிலே ஓர் அலுமாரி நிறைய நூல்களைச் சேர்த்து வைத்திருப்போரைக் காலம் மூன்று வகையிற் சோதிக்கின்றது. முதலாவது சோதனை இடத்தினால் வருவது. பிள்ளைகள் வளர்ந்து வேற்றூர்களுக்கும் வேற்று நாடுகளுக்கும் செல்கின்றனர். பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்குக் குடிபெயர நேர்கின்றது. நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த நூல்களையெல்லாம் உடன்கொண்டு செல்ல வழியில்லை. இரண்டாவது சோதனை கண்ணினால் வருவது. இளமையிற் கைவிளக்கின் ஒளியிலே படித்த சிற்றெழுத்து, அறுபது வயதிற்குப் பின்னர் எறும்பு வரிசை போலத் தோன்றுகின்றது. மூன்றாவது சோதனை நூலுக்குள்ளேயே இருந்து வருவது. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் கறையானும் இராமபாணப் பூச்சியும் ஒருபுறம் அரிக்க, மரக்கூழாற் செய்த மலிவான தாள் தன்னிடமுள்ள அமிலத்தால் தானே பழுத்து, மடித்த இடத்தில் ஒடிந்து விழுகின்றது.

இம்மூன்று சோதனைகளுக்கும் மருந்தாக இக்காலத்தார் கண்டிருப்பது மின்படி. ஒரு கைத்தொலைபேசியினுள் ஓராயிரம் நூல் அடங்கும். எழுத்தை வேண்டிய அளவிற்குப் பெரிதாக்கலாம். கறையான் அதனை அணுகாது. ஆகவே நூலுடையார் ஒருவர் உள்ளத்திலே இயல்பாகவே ஒரு வினா எழுகின்றது. ‘இந்நூலை நான் முன்னரே விலை கொடுத்து வாங்கிவிட்டேன். அதன் மின்படியைப் பெறுவதற்கு இன்னொரு முறை விலை கொடுத்தல் வேண்டுமா? அல்லது நானே ஒரு படி எடுத்துக்கொள்ளலாமா?’ என்பதே அவ்வினா. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வினாவிற்கு உலக நாடுகளின் நீதிமன்றங்கள் பலவகையாக விடை கூறியுள்ளன. அவ்விடைகளையும், நம்மளவில் நாம் செய்யத்தக்கவற்றையும் இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் நாம் தெளியவேண்டியது, ஒரு நூலை வாங்கும்போது எதனை வாங்குகின்றோம் என்பதே. நூலென்பது இரு பொருள்கள் ஒன்றாய்ப் பிணைந்த ஒன்று. தாளும் மையும் அட்டையும் சேர்ந்தது ஒரு பொருள். அத்தாளிலே பதிந்துள்ள ஆசிரியரின் வாக்கு மற்றொரு பொருள். முன்னையதை நாம் முழுமையாக வாங்கிவிடுகின்றோம். அதனைப் படிக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம், மக்களுக்கு முதுசமாக வைக்கலாம். பின்னையதாகிய வாக்கைப் பெருக்கும் உரிமையோ ஆசிரியரிடத்தும் அவர் உடன்பட்ட பதிப்பாளரிடத்துமே நிற்கின்றது. இதனையே பதிப்புரிமை என்கின்றோம்.

இவ்விரண்டிற்குமுள்ள எல்லையைத் தெளிவாக்கிய பழைய வழக்கொன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவிலே பொப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகத்தார் தாம் வெளியிட்ட நாவல் ஒன்றினுள், அதனை ஒரு டொலருக்குக் குறைத்து விற்றல் தம் பதிப்புரிமையை மீறுவதாகும் என்னும் கருத்துப்பட ஓர் அறிவித்தலை அச்சிட்டிருந்தனர். நியூயோர்க் நகரத்து மேசி பேரங்காடியார் அந்நூலை 89 சதத்திற்கு விற்றனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒருமுறை விற்ற பின்னர், விற்ற படியின் மீது பதிப்பாளருக்கு அத்தகைய அதிகாரம் இல்லையென 1908ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் தீர்த்தது. கையிலுள்ள படி வாங்கியவருக்கே உரியது என்னும் கொள்கை அங்கு நிலைபெற்றது. எனினும் கவனிக்க: அத்தீர்ப்பு, உள்ள படியை வேறொருவர்க்குக் கொடுப்பதற்கு உரிமை அளித்ததேயன்றி, இல்லாத இன்னொரு படியை உண்டாக்குவதற்கு உரிமை அளிக்கவில்லை. நம் வினாவின் முடிச்சு இவ்விடத்திலேதான் இருக்கின்றது.

அச்சு நூலை வாங்கியவர்க்கு மின்படியையும் கொடுத்துவிடுவோம் என வணிகர் சிலர் தாமே முன்வந்ததும் உண்டு. அமேசான் நிறுவனத்தார் 2013ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே ‘கிண்டில் மாட்ச்புக்’ என்னும் திட்டமொன்றைத் தொடங்கினர். தாம் கடை திறந்த 1995ஆம் ஆண்டு முதல் தம்மிடம் அச்சு நூல் வாங்கியவர்களுக்கு, அதே நூலின் மின்படியை 2 டொலர் 99 சதத்திற்கோ அதனினும் குறைந்த விலைக்கோ கொடுப்பதே அத்திட்டம். சில நூல்கள் விலையின்றியும் கிடைத்தன. ஆயினும் பதிப்பாளர் உடன்பட்ட நூல்கள் மாத்திரமே அதில் அடங்கின. வாசகர் ஒருவரது அலுமாரியில் நூறு நூல் இருப்பின், அவற்றுட் சிலவற்றிற்கே அவ்வாய்ப்புக் கிட்டியது. 2019ஆம் ஆண்டிலே அத்திட்டம் முடிவுற்றது.

கனடா நாட்டு வான்கூவர் நகரில் எழுந்த ‘ஷெல்ஃபி’ என்னும் நிறுவனத்தாரின் முறை இதனினும் சுவையானது. நூலை எங்கு வாங்கினீர் என்று அவர்கள் கேட்கவில்லை. பதிப்புரிமை விவரம் அச்சாகியுள்ள பக்கத்திலே உங்கள் பெயரைக் கையால் எழுதி, அதனைக் கைத்தொலைபேசியாற் படம் பிடித்து அனுப்பினாற் போதும். பதிப்பாளர் உடன்பட்டிருந்தால் மின்படி குறைந்த விலைக்கோ விலையின்றியோ கிடைக்கும். பெயர் எழுதப்பட்ட அந்நூலே உடைமைக்குச் சாட்சியாயிற்று. நம் வீடுகளிலே நூல் வாங்கியவுடன் முதற்பக்கத்திற் பெயரும் திகதியும் எழுதிவைக்கும் வழக்கத்தை இது நினைவூட்டுகின்றதன்றோ? அந்நிறுவனமும் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தன் பணியை நிறுத்திக்கொண்டது.

இவ்விரு முயற்சிகளும் நிலைக்காமற் போயினும், அச்சு நூலோடு மின்படியையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் முற்றாக அற்றுவிடவில்லை. கணினி நூல்களை வெளியிடும் மானிங் போன்ற பதிப்பகத்தார், அச்சு நூலினுள்ளே ஒரு குறியீட்டை வைத்து, அதனைக் காட்டுவோர்க்கு மின்படியை இலவசமாக வழங்கி வந்துள்ளனர். ஆகவே, தொழில்நுட்ப நூலொன்றை வாங்கியவர் முதலிற் செய்யவேண்டியது அதன் முன் பின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தலே. பலர் தமக்கு உரியதொன்று அங்கிருப்பதை அறியாமலே மீண்டும் விலை கொடுக்கின்றனர்.

வணிகர் கொடாதவிடத்து வாசகர் தாமே படி எடுத்துக்கொள்ளலாமோ எனின், இவ்விடயத்தில் யப்பான் நாட்டின் அனுபவம் அறியத்தக்கது. அங்கே வீடுகள் சிறியன. நூல் வாங்குவோர் மிகப் பலர். அலுமாரிக்கு இடமில்லாதோர் நூலின் முதுகை வெட்டித் தாள்களை உதிர்த்து, அவற்றை மின்வருடியினுள்ளே செலுத்தித் தமக்கென ஒரு மின்படி செய்துகொள்ளலாயினர். இச்செயலுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஜிசுயி’. தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளுதல் என்பது அச்சொல்லின் பொருள். சொந்தப் பயனுக்காக ஒருவர் தாமே படி எடுத்தலை அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் முப்பதாம் பிரிவு அனுமதிக்கின்றது.

சமைக்க நேரமில்லாதவர்க்குச் சமைத்துக் கொடுக்க ஆட்கள் தோன்றுவது உலகியல்பு. நூலொன்றிற்கு இவ்வளவு கூலியென வாங்கிக்கொண்டு, பிறருடைய நூல்களை வெட்டி மின்படி செய்து கொடுக்கும் நிலையங்கள் அங்கே பெருகின. 2011ஆம் ஆண்டின் இறுதியிலே புகழ்பெற்ற எழுத்தாளர் சிலர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2013ஆம் ஆண்டிலே தோக்கியோ மாவட்ட நீதிமன்றமும், 2014ஆம் ஆண்டிலே மேன்முறையீட்டை விசாரித்த நீதிமன்றமும் எழுத்தாளர் பக்கமே தீர்ப்பளித்தன. படியெடுப்பவர் நூலின் சொந்தக்காரரல்லர், கூலிக்குச் செய்யும் நிலையத்தாரே. ஆதலின் சொந்தப் பயன் என்னும் விலக்கு அவர்களுக்குப் பொருந்தாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2016ஆம் ஆண்டில் அதுவே முடிந்த முடிபாயிற்று. தன் கையாற் சமைக்கலாம். கடைக்காரர் கையாற் சமைப்பித்தல் ஆகாது. ஒரே நூல், ஒரே மின்வருடி. ஆயினும் எவருடைய கை அதனை இயக்குகின்றது என்பதிலே சட்டம் வேறுபடுகின்றது.

பிரித்தானியாவின் கதை வேறு. தாம் சட்டப்படி வாங்கிய நூலையோ இசைத்தட்டையோ சொந்தப் பயனுக்காகப் படியெடுத்துக்கொள்ளலாமென 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அங்கே விதியொன்று நடைமுறைக்கு வந்தது. இசைத்துறையினர் அதனை எதிர்த்தனர். படைத்தோர்க்கு ஈடு எதுவும் வகுக்காமல் இவ்விதியை ஆக்குவதற்குக் காட்டப்பட்ட சான்று போதாதென மேல் நீதிமன்றம் கருதியது. 2015ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவ்விதி அழிக்கப்பட்டது. பத்து மாதம் கூட வாழாத சட்டம் அது.

தனி மனிதர்க்கு எழுந்த இவ்வினா நூலகங்களுக்கும் எழுந்தது. இன்டர்நெற் ஆர்க்கைவ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1996ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அவர்கள் கையாண்ட முறை இது: தம்மிடமுள்ள அச்சு நூலை மின்படியாக்குவர், அச்சுப்படி ஒன்றிருந்தால் மின்படியையும் ஒரே நேரத்தில் ஒருவர்க்கே இரவல் கொடுப்பர், அச்சுப்படியோ வெளியே செல்லாது. ‘எங்களிடம் நூல் இருக்கின்றது, அதற்குப் பதிலாகவே இதனைக் கொடுக்கின்றோம்’ என்பது அவர்கள் வாதம். பெருந்தொற்றுக் காலமாகிய 2020ஆம் ஆண்டிலே ஒருவர்க்கு ஒன்று என்னும் வரம்பைச் சிறிது காலம் அவர்கள் தளர்த்தியபோது, பெரிய பதிப்பகத்தார் நால்வர் வழக்குத் தொடுத்தனர். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே தீர்ப்பு நிறுவனத்திற்கு எதிராக வந்தது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரிலே மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனையே உறுதி செய்தது. அச்சு நூலை உடையவராயிருத்தல், அதன் மின்படியைப் பிறர்க்கு வழங்கும் உரிமையைத் தாராது என்பது இதனால் அங்கே தெளிவாயிற்று.

இவ்வழக்குகளிலிருந்து நாம் கொள்ளத்தக்க நெறி ஒன்றுண்டு. தமக்கென எடுத்தல் வேறு, பிறர்க்கெனப் பரப்புதல் வேறு. முன்னையதிற் சில நாடுகள் இரக்கம் காட்டுகின்றன. பின்னையதற்கு, பதிப்புரிமை வாழும் காலம் வரை, உரியவரின் சம்மதம் வேண்டும் என்பதிலே அவை ஒத்துநிற்கின்றன.

நம் நாட்டிலே இதனை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். அதன்படி ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைந்தபின் எழுபது ஆண்டுகளும் பதிப்புரிமை நிலைத்திருக்கும். 1990ஆம் ஆண்டிலே மறைந்த ஆசிரியரின் நூல் 2060ஆம் ஆண்டு வரை காக்கப்படும் என்பது கணக்கு. இந்தியாவில் இக்காலம் அறுபது ஆண்டு. சொந்தப் பயனுக்காகத் தனியொரு படி எடுப்பதற்கு நம் சட்டம் நிபந்தனைகளோடு இடந்தருகின்றது. முழு நூலொன்றைப் படியெடுக்க எண்ணுவோர் அந்நிபந்தனைகளைச் சட்டவாசகத்திற் பார்த்தோ, சட்டமறிந்தாரைக் கேட்டோ தெளிந்துகொள்ளுதல் நன்று. பார்வை இழந்தோர்க்காக நூல்களை அவர்கள் பயன்படுத்தத்தக்க வடிவில் ஆக்குவதற்கு வழிசெய்யும் சர்வதேச உடன்படிக்கையொன்று 2013ஆம் ஆண்டு மொரோக்கோ நாட்டு மராகேஷ் நகரிலே நிறைவேறியது. இலங்கையும் 2016ஆம் ஆண்டில் அதில் இணைந்தது.

தமிழ் நூல்களைப் பொறுத்தவரை நமக்கு வேறு சில வாயில்களும் உண்டு. தமிழ்நாட்டு அரசு பல எழுத்தாளர்களின் படைப்புகளை, உரியவர்க்குப் பரிவுத்தொகை கொடுத்து, நாட்டுடைமை ஆக்கியுள்ளது. அங்ஙனம் ஆக்கப்பெற்றவற்றுள் அனேகம் இணையத்திலே விலையின்றிக் கிடைக்கின்றன. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளிலே தொடங்கிய மதுரைத் திட்டம், உலகின் பல மூலைகளிலுமுள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றி உழைத்துப் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாக உள்ளிட்டுப் பரப்பிய முயற்சியாகும். நம் ஈழத்து நூல்களுக்கெனவே 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம். இங்கு வெளிவந்த நூல்கள், சஞ்சிகைகள், செய்தித்தாள்கள், நினைவு மலர்கள் ஆகியவற்றை அவ்வமைப்பினர் மின்படியாக்கி எவரும் படிக்க வைத்துள்ளனர். ஆகவே உங்கள் அலுமாரியிலுள்ள நூலொன்றின் மின்படி தேவையாயின், முதலில் இவ்விடங்களிலே தேடுக. வேறொருவர் முன்னரே பட்ட பாட்டை நாமும் படவேண்டுவதில்லை.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. கூகிள் நிறுவனத்தார் 2004ஆம் ஆண்டு முதல் பெரிய நூலகங்களின் நூல்களை மின்படியாக்கி வந்தனர். பதிப்புரிமை உள்ள நூல்களை அவர்கள் முழுதாகக் காட்டுவதில்லை. தேடிய சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதையும் அதன் அயலிலுள்ள சில வரிகளையும் மட்டும் காட்டுவர். இது நியாயமான பயன்பாடே என அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2015ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. நூலில்லாதார்க்கு அவ்விரண்டு வரியாற் பயன் சிறிதே. அச்சு நூலை உடையவர்க்கோ அது நல்லதொரு சொல்லடைவு. கணினியிலே சொல்லைத் தேடிப் பக்க எண்ணை அறிந்துகொண்டு, தம் அலுமாரியைத் திறந்து அப்பக்கத்தை நிறைவாகப் படிக்கலாமன்றோ?

இனி, ஆசிரியரின் அனுமதி பெற்றோ, பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டமையாலோ, நீங்களே ஒரு நூலை மின்படியாக்க முற்படுகின்றீர்கள் என வைத்துக்கொள்வோம். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டுவதில்லை. நல்ல படக்கருவியுள்ள கைத்தொலைபேசி ஒன்றும், அதனை அசையாமல் நிறுத்த ஒரு தாங்கியும், கறுப்புத் துணியொன்றும் போதும். பழைய நூலின் முதுகை ஒருபோதும் வெட்டுதல் கூடாது. முழுதாக விரித்து அழுத்துதலும் கூடாது. இருபுறமும் அட்டையை முட்டுக்கொடுத்து, திறந்த கைகளிரண்டின் நடுவே நூலை வைத்தாற்போல அரைகுறையாக விரித்து வைத்து, முதலில் வலப்பக்கங்கள் அனைத்தையும், பின்னர் இடப்பக்கங்கள் அனைத்தையும் எடுப்பது பாதுகாப்பான முறை. ஒளி பக்கவாட்டிலிருந்து மென்மையாக வருதல் வேண்டும். யன்னலோரத்துக் காலை வெளிச்சம் சிறந்தது. மின்னொளியைப் பாய்ச்சினால் மினுங்கும் தாளில் எழுத்து மறைந்துவிடும்.

நுணுக்கத்தின் அளவையும் அறிந்திருத்தல் நன்று. எழுத்து நூல்களுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளி என்பது வழக்கமான அளவு. நம் நூல்களிற் பல 148 மில்லிமீற்றர் அகலமும் 210 மில்லிமீற்றர் உயரமும் உள்ளன. அத்தகைய பக்கமொன்றில் இவ்வளவின்படி ஏறக்குறைய 43 இலட்சம் புள்ளிகள் அமையும். அடிக்குறிப்பின் எழுத்து மிகச் சிறிதாயின் 400 புள்ளி வைத்துக்கொள்ளலாம். நேரக் கணக்கும் அச்சுறுத்துவதன்று. 300 பக்க நூலொன்றில், பக்கமொன்றிற்கு ஆறு வினாடி எடுத்தால் முழு நூலும் அரை மணி நேரத்தில் முடியும். ஆனால் முடிந்தபின் ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்தல் வேண்டும். ஒரு தாள் ஒட்டிக்கொண்டு தவறிவிட்டதை அச்சுநூலைக் கைவிட்டபின்பு கண்டுபிடித்து என்ன பயன்? அட்டை, தலைப்புப் பக்கம், அச்சக விவரம், பின்னிணைப்பு, விளம்பரம் எதனையும் விடலாகாது. எந்த அச்சகம், எந்த ஆண்டு, எத்தனையாம் பதிப்பு என்பன பிற்காலத்தார்க்குப் பெரிதும் வேண்டப்படுவன.

இவ்வாறு எடுத்தவை படங்களே. அவற்றைக் கணினி எழுத்தாக அறியாது. படத்திலுள்ள எழுத்தை இனங்கண்டு தட்டச்சு எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் இப்போது தமிழுக்கும் உள்ளன. விலையின்றிக் கிடைக்கும் தெசராக்ட் என்பது அவற்றுள் ஒன்று. எழுத்தாக மாறிய நூலிலே சொற்களைத் தேடலாம். எழுத்தின் அளவைப் பெருக்கலாம். கணினியை வாய்விட்டுப் படிக்கவும் செய்யலாம். வானொலியைக் கேட்பதுபோல நூலையும் கேட்கலாம் என்பது கண்மங்கிய முதியோர்க்கு எத்துணை ஆறுதல்! எனினும் பழைய தமிழ் அச்சு இம்மென்பொருள்களை மயக்குவதுண்டு. 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட நூல்களிலே ணை, லை, னை என்பனவும் ணா, றா, னா என்பனவும் வேறு வடிவத்தில் அச்சாகியிருக்கும். மை மங்கிய இடத்திலே புள்ளி மறைந்து மெய் உயிர்மெய்யாகும். ரகரமும் காலும் ஒன்றாய்த் தோன்றும். ஆதலின் இயந்திரம் தந்ததை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துதல் இன்றியமையாதது. அது முடியாதாயின், படத்தையே மூலமாக வைத்து, எழுத்தைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துதல் நேர்மை.

அண்மைக் காலத்து நூல்களுக்கு இத்துணைச் சிரமம் வேண்டாமலும் இருக்கலாம். கடந்த முப்பது ஆண்டுகளில் வெளிவந்த நூல்கள் பெரும்பாலும் கணினியிலே எழுத்துக் கோக்கப்பட்டவை. நம் நாட்டு எழுத்தாளர் பலர் தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தாமே சில நூறு படிகள் அச்சிட்டவர்கள். அவர்களுக்கோ அவர்தம் மக்களுக்கோ பணிவாக ஒரு கடிதம் எழுதிக் கேட்டால், மூலக் கோப்பையே அனுப்பிவைப்போர் உளர். அங்ஙனம் வந்த கோப்பைத் திறந்தவுடன் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தோன்றினாற் கலங்கவேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலே அமைந்தமையால் நேர்வது அது. யூனிக்கோட் முறைக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் உள்ளன. மாற்றிவிட்டாற் தமிழ் தமிழாகத் தெரியும்.

கடையிலே மின்படியை விலைக்கு வாங்குவோரும் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். அச்சு நூலைப்போல அது நம் உடைமையாவதில்லை. படிப்பதற்கான இசைவே பெரும்பாலும் நமக்கு விற்கப்படுகின்றது. 2009ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய இரண்டு நாவல்களை வாங்கியோரின் கருவிகளிலிருந்து அமேசான் நிறுவனம் தொலைவிலிருந்தே அவற்றை அழித்துவிட்டது. அவற்றை விற்பனைக்கு வைத்தவர்க்கு அதற்குரிய உரிமை இல்லையென்பது காரணம். விலை திருப்பிக் கொடுக்கப்பட்டதாயினும், நிறுவனத் தலைவர் பின்னர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 2019ஆம் ஆண்டிலே மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் யாவும் வாங்கியோர் கைவிட்டு மறைந்தன. பணம் மட்டும் மீண்டது. அதே ஆண்டு டிசம்பரிலே ஐரோப்பிய நீதிமன்றம், படித்து முடித்த மின்னூலை உரியவரின் இசைவின்றி இன்னொருவர்க்கு மறுவிற்பனை செய்தல் ஆகாதெனத் தீர்த்தது. 1908ஆம் ஆண்டிலே அச்சுநூல் பெற்ற சுதந்திரம் மின்னூலுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நாமே எடுத்த படிக்கும் ஆபத்து இல்லாமலில்லை. கைத்தொலைபேசி நீரில் விழும். கணினியின் வன்தட்டு ஒருநாள் சொல்லாமல் நிற்கும். ஆகவே மூன்று படி வைத்துக்கொள்க. அவற்றை இருவேறு வகையான சாதனங்களில் வைக்க. அம்மூன்றில் ஒன்றையேனும் வேறு வீட்டிலோ வேறு ஊரிலோ வைக்க. இது அறிஞர் கூறும் எளிய விதி.

கடையில் வாங்கும் மின்படிக்கும் வீட்டில் எடுக்கும் படிக்கும் இன்னுமொரு வேற்றுமை உண்டு. கடையில் வாங்கும் மின்படி அந்நூலின் படி. நாம் எடுப்பது நம் நூலின் படி. தமிழாசிரியர் ஒருவர் கற்பித்த காலத்திலே ஓரங்களில் எழுதிய பாடபேதங்களும், தந்தையார் பெயரெழுதிய முதற்பக்கமும், பரிசளிப்பு விழாவில் ஒட்டப்பட்ட பாடசாலைச் சீட்டும் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடையா. அவற்றின் பொருட்டேனும் சில நூல்களைத் தம் கையாற் படியெடுத்தல் தகும்.

படியெடுத்தல் நம்மவர்க்குப் புதிய தொழிலன்று. பனையோலை நெடுங்காலம் வாழாது. பழைய ஏடு செல்லரிக்குமுன் புதிய ஏட்டிலே பெயர்த்தெழுதி வைத்தமையாலேதான் நம் பழைய இலக்கியங்கள் அச்சுக்காலம் வரை வந்து சேர்ந்தன. 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும், அதே ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் அவர்களும் ஊரூராக ஏடு தேடி அலைந்தார்கள். ஒரு வீட்டிலே சிதைந்த இடத்தை மற்றொரு வீட்டிலிருந்த படியைக் கொண்டு நிரப்பினார்கள். ஒருபடி மாத்திரம் இருந்து, அதுவும் அழிந்தவற்றைப் பெயரளவிலேதான் நாம் அறிகின்றோம்.

அவ்விழப்பு பழங்காலத்தோடு நின்றுவிடவில்லை. 1981ஆம் ஆண்டு மே மாதம் முடிந்து யூன் மாதம் பிறந்த வேளையிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் அவற்றோடு கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. கட்டடத்தை மீண்டும் எழுப்ப முடிந்தது. அச்சில் மீண்டும் கிடைத்த நூல்களை மீண்டும் வாங்கவும் முடிந்தது. வேறெங்கும் படியில்லாதவற்றை எப்பொருள் கொடுத்தும் மீட்க முடியவில்லை. காரைக்குடிக்கு அண்மையிலுள்ள கோட்டையூரிலே ரோஜா முத்தையா என்னும் தனி மனிதர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த அச்சு நூல்களே, 1994ஆம் ஆண்டிலே சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்திற்கு அடிப்படையாயின என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கவேண்டும். வீட்டு அலுமாரி ஒரு நாட்டின் நூலகமாகும் காலமும் உண்டு.

ஆதலின் நேயர்களே, இவ்வார ஓய்வுநாளிலே உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். கடையில் எளிதிற் கிடைக்கும் நூலைப் பற்றிக் கவலைப்படவேண்டுவதில்லை. அதற்குப் பாதுகாவலர் பலர். ஊர்ப் பாடசாலையின் நூற்றாண்டு மலர், கோயிற் கும்பாபிடேக மலர், இருநூறு படி மட்டும் அச்சிட்ட கவிதைத் தொகுதி, இறந்தார் நினைவாக வெளியிட்ட கல்வெட்டு, இவையே பாதுகாவலர் அற்றவை. அவற்றுள் ஒன்றைக் கையிலெடுங்கள். இணைய நூலகத்தில் அது உண்டோ எனப் பாருங்கள். இல்லையாயின், உரியவரைத் தேடி அனுமதி கேளுங்கள். பின்னர் பக்கம் தவறாது படியெடுத்து, ஒரு படியை நூலகத்திற்கும் கொடுங்கள். அது முடிந்தபின் அச்சு நூலை எறிந்துவிடாமல், துணியால் தூசி துடைத்து, இருந்த இடத்திலேயே மீண்டும் வையுங்கள். மின்படி வந்தமையால் மூலப்படி வேண்டாததாகிவிடுவதில்லை. இரண்டும் இருந்தால் ஒன்று போனாலும் மற்றையது நிற்கும்.